குன்னூர் ஊசியும் 15 நாள் கணக்கும்

இது கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள். நீலகிரி டீ என்றால் இன்னும் பொருத்தம்.

குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் போனவர்கள் பக்கத்தில் பாஸ்டர் நிறுவனம் என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு நேராகப் பூச்செடி பார்க்கப் போயிருப்பீர்கள், தப்பில்லை. தென்னிந்தியாவுக்கென்று வெறிநாய்க்கடி சிகிச்சை நிலையம் ஒன்று தொடங்கப்பட்ட இடம் அது. 1907 ஏப்ரல் 6.

அந்த இடத்தை வைத்து இரண்டு கேள்விகளைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒரு மருந்து வேலை செய்கிறதா? இது முதல் கேள்வி. அந்த மருந்து, தேவைப்பட்ட ஆளுக்கு, தேவைப்பட்ட நாளில் போய்ச் சேர்ந்ததா? இது இரண்டாவது. கேட்க ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் முதல் கேள்விக்குச் சரியாக இருக்கும் ஆய்வு முறை இரண்டாவது கேள்விக்குத் தப்பான பதிலைத் தரலாம். இரண்டாவது கேள்விக்காகவே இன்று தனித் துறை இருக்கிறது, இம்ப்ளிமெண்டேஷன் ரிசர்ச். தமிழில் செயலாக்க ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெயர் வருவதற்கு ரொம்ப வருஷம் முன்பே குன்னூருக்கு அந்தப் பிரச்சினை வந்துவிட்டது.

முதலில் நோயைப் பற்றி நாலு வரி. ரேபிஸ் கிருமி கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மெதுவாக மூளைக்கு ஏறும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் எடுக்கும். முகத்தில், தலையில் கடி என்றால் சீக்கிரம். அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடிக்கும் அறிகுறிக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது இல்லையா, அதுதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். கடித்த பிறகு தடுப்பூசி போட்டும் பிழைக்க முடிவது அந்த இடைவெளியால்தான். அந்த இடைவெளியில் ஒவ்வொரு நாளும் காசு மாதிரி. செலவாகிவிட்டால் திரும்ப வராது.

1885 ஜூலை 6-ம் தேதி பாரீஸில் லூயி பாஸ்டர் 9 வயதுப் பையன் ஜோசப் மெய்ஸ்டருக்கு இந்தச் சிகிச்சையைத் தொடங்கினார். முயலின் முதுகுத்தண்டை உலர்த்திச் செய்த மருந்து, 13 ஊசி. பையன் பிழைத்தான். உலகமே கொண்டாடியது. ஆனால் சிலர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்கள்: "கடித்த நாய்க்கு வெறி இருந்தது என்று எப்படித் தெரியும்? வெறிநாய் கடித்தவர்கள் எல்லாருக்குமே நோய் வருவதில்லையே. ஊசி போடாவிட்டாலும் பிழைத்திருப்பானோ?"

இன்றைக்கு என்றால், பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு வெறும் தண்ணீர் என்று குலுக்கல் போட்டுப் பிரித்துப் பாருங்கள் என்று யாராவது சொல்லக்கூடும். இந்த நோயில் அப்படிச் செய்ய முடியுமா? அது கொலை. அன்றும் முடியாது, இன்றும் முடியாது.

அப்போது பிரிட்டிஷ் அரசு ஒரு குழு போட்டது. தலைவர் ஜேம்ஸ் பேஜட், செயலாளர் விக்டர் ஹார்ஸ்லி, உறுப்பினர்களில் ஒருவர் ஜோசப் லிஸ்டர். அவர்கள் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாஸ்டரின் பதிவேட்டிலிருந்து 90 பேரை எடுத்துக்கொண்டு அவர்களைத் தேடிப் போய் விசாரித்தார்கள். கடித்தது வெறிநாய்தானா, துணிக்கு மேலா வெறும் தோலிலா, புண்ணைச் சுட்டார்களா என்று ஒவ்வொன்றாக. கடைசியில் 24 பேர் சந்தேகமில்லாமல் வெறிநாயால் வெறும் தோலில் கடிபட்டவர்கள், புண்ணுக்கு உருப்படியான வேறு சிகிச்சை எதுவும் செய்யாதவர்கள் என்று ஒதுக்கினார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் இவர்களில் குறைந்தது 8 பேராவது செத்திருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். ஒருவரும் சாகவில்லை. 1887-ல் அறிக்கை வந்தது. குலுக்கல் இல்லை, மாத்திரைப் பெட்டி இல்லை, நடையும் விசாரணையும் மட்டும்தான். முதல் கேள்விக்கு அந்தக் காலத்தில் கிடைத்த நேர்மையான பதில் இது.

இப்போது இந்தியாவுக்கு வருவோம்.

இந்தியாவின் முதல் பாஸ்டர் நிறுவனம் 1900-ல் கசௌலியில் வந்தது. இன்றைய இமாச்சலப் பிரதேசம். அதற்கு முன் இங்கே நாய் கடித்த பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கப்பலேற்றி பாரீஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கசௌலி வந்தபின் தெற்கே இருப்பவர்கள் இமயமலை வரை ரயிலேற வேண்டும். மதுரையில் நாய் கடித்தவர் சிம்லா பக்கம் போய்ச் சேருவதற்குள் எத்தனை நாள் போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1902-ல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேய இளம்பெண் இந்த நோயில் இறந்தார். தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சுக்கு அந்த மரணம் வேகம் கொடுத்தது என்று நிறுவனத்தின் வரலாற்றில் சொல்வார்கள். அதற்கு முன்னால் பெயர் பதிவாகாமல் செத்த கூலிக்காரர்கள், பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அது அந்தக் காலத்தின் லட்சணம். பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. இரும்பாலை முதலாளி கார்னகியின் பங்குதாரர் ஹென்றி பிப்ஸ், வைஸ்ராய் கர்சன் வழியாகக் கொடுத்த நன்கொடையில் ஒரு பங்கு. முதல் இயக்குநர் கார்ன்வால் என்ற ராணுவ மருத்துவர்.

ஏன் குன்னூர்? குளிர். அன்றைய மருந்துக்கும் சரி, வெள்ளைக்கார ஆய்வாளர்களுக்கும் சரி, மலைதான் வசதி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயில் 1899-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆக, ஊசி மலைமேல் இருக்கும், நாய் கடித்தவர் ஏறி வர வேண்டும். காலனிய இந்தியாவின் பாஸ்டர் நிறுவனங்களில் ஏழைகளின் பயணச் செலவை அரசோ உள்ளாட்சியோ ஏற்கும் ஏற்பாடெல்லாம் இருந்தது. ஆனால் டிக்கெட் ஓசி என்றாலும் இரண்டு மூன்று வாரம் வேலையை விட்டுவிட்டு, மொழி தெரியாத குளிர் ஊரில் போய்க் கிடப்பது ஓசி இல்லையே. ஒரு விவசாயி முதலில் என்ன செய்வார்? ஊரில் மந்திரிப்பார், பச்சிலை கட்டுவார், நாய் செத்ததா பிழைத்ததா என்று பார்ப்பார். நாய் செத்த பிறகுதான் பயம் வரும். அதற்குள் ஒரு வாரம் போயிருக்கும்.

இனிமேல்தான் முக்கியமான இடம். தலைப்பில் சொன்ன 15 நாள்.

பாஸ்டர் நிறுவனங்கள் ஆண்டறிக்கை போடும். இத்தனை பேருக்குச் சிகிச்சை, இத்தனை பேர் மரணம், தோல்வி விகிதம் இவ்வளவு என்று. அந்தத் தோல்விக் கணக்குக்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். சிகிச்சை நடக்கும்போதோ, முடிந்து 15 நாளுக்குள்ளோ நோய் வந்து இறந்தவரைத் தடுப்பூசியின் தோல்வியாகச் சேர்க்கக் கூடாது. காரணம், ஊசி போட்ட பிறகு உடம்பில் எதிர்ப்பு சக்தி உண்டாகக் கொஞ்ச நாள் வேண்டும். அதற்கு முன்பே கிருமி மூளைக்குப் போய்விட்டதென்றால் ஊசியைக் குறை சொல்லி என்ன பயன்?

முதல் கேள்விக்கு இந்த விதி நூற்றுக்கு நூறு நியாயம். மருந்துக்கு வேலை செய்ய அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் மதிப்பெண் போட வேண்டும். இன்றைக்கு நடக்கும் தடுப்பூசி ஆய்வுகளிலும், கோவிட் தடுப்பூசி உட்பட, கடைசி டோஸுக்குப் பிறகு சில நாள் கழித்துத்தான் கணக்கைத் தொடங்குகிறோம்.

ஆனால் இரண்டாவது கேள்வியை வைத்துப் பாருங்கள். அந்த 15 நாளுக்குள் செத்தவர் யார்? பெரும்பாலும் தாமதமாக வந்தவர். ஏன் தாமதம்? தூரம், காசு, தகவல் இல்லாமை. அல்லது முகத்தில் கடிபட்ட சின்னப் பிள்ளை, அதற்கு ஒரு நாள் தாமதமே அதிகம். அதாவது, ஏற்பாடு யாரைக் கைவிட்டதோ அவர்களைத்தான் அந்த விதி பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. மருந்துக்கு நல்ல மதிப்பெண். மலையில் ஏறி வந்து செத்தவர் எந்தக் கணக்கிலும் இல்லை. வழியிலேயே செத்தவரும், வரவே வராதவரும் அறிக்கையின் பக்கத்துக்கே வருவதில்லை.

இதில் யாரும் ஏமாற்றவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அறிக்கையில் அந்த மரணங்களைத் தனியாகக் காட்டவும் செய்தார்கள். கேட்ட கேள்விக்குச் சரியான கணக்கு. கேட்காத கேள்விக்கு அந்தக் கணக்கைப் பதிலாக எடுத்துக்கொண்டால்தான் தப்பு.

பிறகு 1911. கசௌலியில் டேவிட் செம்பிள் கார்பாலிக் அமிலத்தால், அதாவது பீனாலால், கிருமியைக் கொன்று ஒரு தடுப்பூசி செய்தார். பாஸ்டர் முறையில் ஒவ்வொரு நாளும் வேறு வேறு அளவு உலர்ந்த முயல் தண்டு வேண்டும், ஆய்வகத்தின் பக்கத்திலேயேதான் நோயாளி இருந்தாக வேண்டும். செம்பிள் ஊசியைப் பாட்டிலில் அடைக்கலாம், வைத்திருக்கலாம், அனுப்பலாம். குணத்தில் பழையதைவிடப் பிரமாதம் என்று யாரும் சொல்லவில்லை. பெருமையெல்லாம் அது பயணம் செய்யும் என்பதில்தான்.

அதன் பிறகு ஊசி மலையிறங்கியது. குன்னூரில் தயாரித்து மாகாணத்தின் மற்ற ஊர் மருத்துவமனைகளுக்கு அனுப்பும் வழக்கம் வந்தது. பின்னாளில் ஆட்டு மூளையில் தயாரித்த இந்த ஊசிதான் நம் அப்பா, தாத்தா காலத்து "தொப்புளைச் சுற்றி 14 ஊசி". வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள்.

ஊசி பரவலானதும் ஒரு புதுச் சிக்கல். எல்லாரும் குன்னூருக்கே வந்தபோது எண்ணுவது சுலபம், படுக்கை இங்கே, பதிவேடு இங்கே. கடித்த மிருகத்தின் மூளையைக் கிளிசரினில் போட்டு அனுப்பினால் நுண்ணோக்கியில் நெக்ரி துகள் இருக்கிறதா என்று பார்க்கவும் இங்கேயே ஆள் உண்டு. ஊசி நூறு ஊருக்குப் போனபின், எந்த ஊரில் யார் எத்தனை ஊசியோடு நிறுத்தினார், ஆறு மாதம் கழித்து உயிரோடு இருக்கிறாரா என்பதெல்லாம் கடிதத்தை நம்பி நிற்க வேண்டியதாயிற்று. சேவை நெருங்கி வந்தது, தகவல் தூரமாகிவிட்டது. செயலாக்க ஆய்வில் இறங்கும் எல்லாரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. இன்றைக்குத் தடுப்பூசி அட்டையைத் தொலைத்துவிட்டு வரும் நோயாளியைப் பார்க்கும் எல்லா டாக்டருக்கும் தெரியும்.

1927-ல் பாரீஸில் சர்வதேச ரேபிஸ் மாநாடு நடந்தது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக எண்ணினால் ஒப்பிட முடியாது, ஒரே படிவத்தில் கொடுங்கள் என்ற கோரிக்கை வலுத்தது. அந்த அறிக்கைகளை எல்லாம் சேர்த்து லீக் ஆஃப் நேஷன்ஸுக்காக 1930-களில் தொடர்ந்து அலசியவர் ஏ.ஜி. மெக்கெண்ட்ரிக். பெயரைக் கேட்ட மாதிரி இருக்கிறதா? கோவிட் காலத்தில் "அலை எப்போது உச்சத்துக்குப் போகும்" என்று டிவியில் காட்டிய வளைகோடுகளுக்கெல்லாம் மூலமான கெர்மாக்–மெக்கெண்ட்ரிக் மாதிரியின் மெக்கெண்ட்ரிக்தான். அவர் கசௌலி பாஸ்டர் நிறுவனத்தில் இயக்குநராக இருந்தவர். நாய்க்கடிப் பதிவேட்டைப் புரட்டிய கை.

அவருடைய அலசலில் கடிபட்ட இடம், எந்த மிருகம், கடிபட்டு எத்தனை நாள் கழித்துச் சிகிச்சை தொடங்கியது என்றெல்லாம் பிரித்துப் பிரித்துப் பார்ப்பார். இந்த ஊசி சிறந்ததா அந்த ஊசி சிறந்ததா என்று கேட்கும்போது, ஒரு நிறுவனத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் சீக்கிரம் வருகிறவர்கள், இன்னொன்றுக்கு வருகிறவர்கள் தாமதமாக வருகிறவர்கள் என்றால் ஒப்பீடே கோணல். ஊசியின் வித்தியாசம் என்று நாம் நினைப்பது ரயில் பாதையின் வித்தியாசமாக இருக்கலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு குன்னூர் இயக்குநராக இருந்தவர் என். வீரராகவன். தென்னிந்தியாவில் செம்பிள் வகை ஊசி போட்டுக்கொண்டவர்கள் பற்றிய அவருடைய கட்டுரை 1954-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தது. சிகிச்சை எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டார். ஊசி போட்டவர்களில் மரணம் மிகக் குறைவு என்று வந்தது. குலுக்கல் போட முடியாத நோயில் கையில் இருக்கும் பதிவுகளை வைத்து அவ்வளவு தூரம் போனது பெரிய வேலை.

இருந்தாலும் இந்த வகை ஒப்பீட்டில் ஒரு ஓட்டை உண்டு. எந்தக் காலத்து ஆய்வானாலும் சரி. ஊசி போட வராதவரைப் பற்றி ஒரு மருத்துவமனைக்கு எப்படித் தெரியவரும்? பெரும்பாலும் அவர் செத்தால்தான். வராமல் இருந்து பிழைத்துக்கொண்டவர் யாருக்கும் தெரியாமல் வயலில் களை எடுத்துக்கொண்டிருப்பார். அதனால் "வராதவர்களில் இத்தனை சதவீதம் சாவு" என்ற எண் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரிய வாய்ப்பு இருக்கிறது. இதைச் சரிசெய்ய ஒரே வழி, மருத்துவமனை வாசலில் நிற்காமல் வீடு வீடாகப் போய் "உங்க வீட்டில் யாரையாவது நாய் கடிச்சுதா?" என்று கேட்பது. இதற்குப் பின்னால் வருகிறேன்.

அதே 1954-ல் ஈரானில் ஒரு சம்பவம். ஒரே இரவில் ஒரே வெறி ஓநாய் ஒரு கிராமத்தில் 29 பேரைக் கடித்துவிட்டது. தலையில் பலத்த காயம்பட்டவர்களில் 5 பேருக்கு ஊசி மட்டும், 13 பேருக்கு ஊசியோடு எதிர்ப்புச் சீரமும். ஊசி மட்டும் போட்டவர்களில் 3 பேர் இறந்தார்கள், சீரமும் சேர்ந்து போட்டவர்களில் ஒருவர். ஒரே ஓநாய், ஒரே இரவு, அதனால் ஒப்பீட்டுக்கு அவ்வளவு பலம். இன்று ஆழமான கடிக்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் போடுகிறோமே, அதன் வரலாற்றில் அந்த ஓநாய்க்கு ஒரு பங்கு உண்டு.

1976-ல் மறுபடியும் ஈரான். மனித செல்களில் வளர்த்த புதுத் தடுப்பூசியை, வெறிபிடித்த நாய்களும் ஓநாய்களும் கடித்த 45 பேருக்குப் போட்டார்கள். 45 பேரும் பிழைத்தார்கள். முதல் கேள்வி அத்தோடு கிட்டத்தட்ட முடிந்தது.

சரி, இந்தியாவில் ஆட்டு மூளை ஊசியை எப்போது நிறுத்தினோம்? 2004 கடைசியில். 28 வருஷம்!

அந்த 28 வருஷத்தில் ஆட்டு மூளை ஊசியின் பக்கவிளைவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதில் இருக்கும் நரம்புத் திசு, சிலருக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தியை அவர்களுடைய நரம்புக்கு எதிராகவே திருப்பிவிடும். அரிதுதான், ஆனால் ஊசி போட்டுக்கொண்டு கால் விளங்காமல் போனவர் ஊரில் ஒருத்தர் இருந்தால் போதும், அடுத்த பத்து வருஷம் அந்த ஊர்க்காரர்கள் மந்திரிக்கத்தான் போவார்கள். புது ஊசி இருந்தது. விலை எட்டவில்லை. தசையில் போடும் முறையில் ஒருவருக்கு 5 முழுக் குப்பி வேண்டும். அரசு மருத்துவமனை தாங்காது.

தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மருந்தைத் தசையில் போடாமல் தோலுக்குள் 0.1 மில்லி வீதம் இரண்டு இடத்தில் போட்டால் போதும். நாலு முறை வந்தாலும் மொத்தம் 0.8 மில்லிதான். இந்தியா 2006-ல் இதை அனுமதித்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் கையில் சின்னக் கொப்புளம் எழும்புவது போலப் போடுகிறார்களே, அதுதான். 0, 3, 7, 28-ம் நாட்கள்.

இங்கே ஒரு நிமிஷம் நீலகிரிக்குத் திரும்புவோம். ஏனென்றால் "அதே மருந்து, அதே முறை, வேறு ஊர், வேறு பலன்" என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

குப்பியைத் திறந்தால் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காலையிலேயே நாய்க்கடி வரிசை நிற்கும், ஒரு சொட்டு வீணாகாது. மலையில் ஒரு சின்ன ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றைக்கு ஒரே ஒரு ஆள் வருகிறார். 0.2 மில்லி போட்டுவிட்டு மிச்சத்தைக் கொட்ட வேண்டும். கையிருப்புக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நர்ஸ் அக்கா என்ன நினைப்பார்? "இன்னும் ரெண்டு பேர் வரட்டும்", இல்லையென்றால் "நீங்க பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடுங்களேன்" என்று தோன்றுவது மனித இயல்பு. அவர் மேல் குற்றமில்லை. மருந்தை மிச்சப்படுத்தக் கண்டுபிடித்த முறை, கூட்டம் இல்லாத இடத்தில் மருந்தைத் தள்ளிப்போடச் சொல்லும் முறையாக மாறிவிடலாம். ஆய்வகத்தில் எத்தனை முறை சோதித்தாலும் இது தெரியாது.

அடுத்து, கொழுந்து பறிக்கும் ஒரு அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் லைன் வீட்டுப் பக்கம் நாய் கடிக்கிறது. முதல் ஊசிக்கு ஓடி வந்துவிடுவார், பயம் கூட்டிக்கொண்டு வரும். மூன்றாம் நாளும் வருவார். 28-ம் நாள்? புண் ஆறிவிட்டது, நாயும் சாதாரணமாகத் திரிகிறது, பஸ்ஸுக்குக் காத்திருந்து போய் வந்தால் அன்றைய கூலி போச்சு. "டாக்டர் சொன்னால் கேட்பதில்லை" என்று இதற்குப் பெயர் வைத்துவிட்டுப் போவது சுலபம். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை.

இதைத்தான் செயலாக்க ஆய்வின் சட்டகங்கள் ஒழுங்காகக் கேட்கச் சொல்கின்றன. சட்டகம் என்றால் பயப்பட வேண்டாம், எதையெல்லாம் கேட்க மறக்கக் கூடாது என்ற பட்டியல்தான். 1999-ல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிளாஸ்கோ குழுவினர் கொண்டுவந்த ரீ-எய்ம் என்ற ஒன்று ரொம்பப் பிரபலம். தேவைப்பட்டவர்களில் எத்தனை பேரை எட்டியது? எட்டியவர்களுக்குப் பலன் கிடைத்ததா? எத்தனை மருத்துவமனைகள் அதைக் கையில் எடுத்தன? எடுத்தவை சொன்னபடி செய்தனவா? சில வருஷம் கழித்தும் நிற்கிறதா? பழைய பாஸ்டர் அறிக்கைகளை இதில் போட்டுப் பாருங்கள். இரண்டாவது கேள்விக்குப் பக்கம் பக்கமாகப் பதில் இருக்கும், முதல் கேள்வியின் கட்டம் காலியாக இருக்கும். 2009-ல் வந்த சி.எஃப்.ஐ.ஆர் என்ற இன்னொரு சட்டகம் "ஏன்" என்று துருவும்: மருந்தின் தன்மை, மருத்துவமனைக்குள் இருக்கும் நிலைமை, வெளியே இருக்கும் சட்டதிட்டம், செய்கிற ஆளின் மனசு. நர்ஸ் அக்காவின் குப்பிக் கணக்கு வெளியே வர இது உதவும். எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று தெரிய வேண்டுமா, ஏன் கிடைக்கவில்லை என்று தெரிய வேண்டுமா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ரெண்டையும் சேர்த்து ஆய்வு முன்மொழிவில் அலங்காரத்துக்கு ஒட்டி வைப்பவர்களும் உண்டு, அதைப் பற்றி இன்னொரு நாள்.

வீடு வீடாகக் கேட்பதற்கு வருகிறேன் என்றேன் அல்லவா? அதைச் செய்தவர்கள் நம்ம சென்னைக்காரர்கள். அயப்பாக்கத்தில் இருக்கும் ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். 2022 மார்ச் முதல் 2023 ஆகஸ்ட் வரை 15 மாநிலம், 60 மாவட்டம், 78,807 வீடு, 3,37,808 பேர். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை அல்ல, வீட்டில் இருப்பவர்களைக் கேட்டார்கள். அதனால்தான் வராதவரும் பிழைத்தவரும் இதில் வருகிறார்கள். கிடைத்த மதிப்பீடு: நாட்டில் வருஷத்துக்குச் சுமார் 91 லட்சம் விலங்குக்கடி, ரேபிஸ் மரணம் சுமார் 5,726. நாய் கடித்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஒரு ஊசிகூடப் போடவில்லை. தொடங்கியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் முடிக்கவில்லை.

2003-ல் நடந்த ஒரு பெரிய ஆய்வு வருஷத்துக்கு 20,565 மரணம் என்றது. 20,565-லிருந்து 5,726-ஐக் கழித்து "இத்தனை பேரைக் காப்பாற்றிவிட்டோம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றினால் நம்பி அனுப்பாதீர்கள். இரண்டும் வேறு வேறு முறையில் எடுத்தவை. மரணம் குறைந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எவ்வளவு என்பதைக் கழித்தல் கணக்கால் சொல்ல முடியாது.

நீலகிரியில் 6 தாலுகா. நாளைக்கே அங்கே ஒரு ஆய்வு செய்யச் சொன்னால் நான் என்ன கேட்பேன்? ஊசி வேலை செய்கிறதா என்று கேட்க மாட்டேன், அது முடிந்துபோன விஷயம். யாருக்கும் ஊசியை நிறுத்தி வைக்கவும் முடியாது. ஊசியைக் கொண்டுபோகும் வழியை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். கடைசி ஊசிக்கு முந்தின நாள் ஒரு போன். வேலை முடியும் நேரத்துக்கு எஸ்டேட் பக்கத்திலேயே ஒரு ஊசி மேசை. "ஒரே ஆள் வந்தாலும் குப்பியைத் திற, மிச்சத்துக்குக் கணக்குக் கேட்க மாட்டோம்" என்று நர்ஸுக்கு ஒரு எழுத்துபூர்வ உத்தரவு.

இதை எல்லா இடத்திலும் ஒரே நாளில் தொடங்கினால் பலன் இதனால்தானா என்று தெரியாது. சில இடத்துக்குக் கொடுத்துச் சில இடத்துக்குக் கடைசி வரை கொடுக்காமல் விடுவதும் நன்றாக இருக்காது. இதற்குப் படிப்படி வடிவம் என்று ஒன்று இருக்கிறது. எந்தத் தாலுகா முதலில் என்று குலுக்கிப் போட்டு, இரண்டு மாதத்துக்கு ஒரு தாலுகாவாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டியது. கடைசியில் எல்லாருக்கும் கிடைத்துவிடும். இன்னும் முறை வராத தாலுகாக்கள் அதுவரை ஒப்பீட்டுக்கு நிற்கும். 1980-களில் காம்பியா நாட்டில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்படித்தான் பகுதி பகுதியாகக் கொண்டுபோனார்கள். நம் மலைக்கு இது பொருந்தும் என்பது என் கட்சி. 6 தாலுகா என்பது கணக்குக்குக் கொஞ்சம் குறைவு, அதனால் தாலுகாவுக்குப் பதில் ஆரம்ப சுகாதார நிலையங்களையே அலகாக வைப்பேன். கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிக் கிராமங்களை நடுவில் எங்கோ தொலைத்துவிடாமல் தனியாக எண்ணுவேன்.

ஒன்று மட்டும் பழைய அறிக்கைகளுக்கு நேர்மாறாக இருக்கும். கடிபட்ட எல்லாரும் கணக்கில் இருப்பார்கள், முதல் ஊசிக்கு வராமலே போனவரும், வந்த மூன்றாம் நாளே இறந்தவரும் சேர்த்து. 15 நாள் விதி இங்கே கிடையாது.

கேட்கப் போகிறீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும், நகம் கீறினாலும் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் வேண்டாம். அன்றைக்கே பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். கடி ஆழமாக இருந்தால், ரத்தம் வந்தால், இம்யூனோகுளோபுலின் வேண்டுமா என்று நீங்களாகவே கேளுங்கள். அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு 28-ம் நாளும் போங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர், தோட்டத்தில் வேலை செய்கிறவர் யாருக்காவது கடிபட்டிருந்தால் அந்த நாலு நாளும் சம்பளத்தோடு லீவு கொடுங்கள்.